தயிரில் விற்றமினைக் கூட்ட நான்கு வழிகள்: மட்டக்களப்பில் எதை எடுப்பது?

சட்டித் தயிர் வியாபாரம் செய்கிறவர்கள் கேட்கிறார்கள்: "நம்மட தயிரில் விற்றமினைக் கூட்டுற கிருமி ஏதும் இருக்கா?" வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற மாணவர்களின் கேள்வி கொஞ்சம் வேறு: "ரோசியோபிளேவின் முறையா, நிசின் முறையா, எதை எடுக்கலாம்?" இந்த இரண்டு முறைகளையும் கீழே விளக்குகிறேன். கேட்கிற விதம்தான் வேறு, சிக்கல் ஒன்றுதான். பாலைப் புளிக்க வைத்துத் தயிராக்கும் லக்டிக் அமிலப் பற்றீரியா சில விற்றமின்களைத் தானே உண்டாக்கும். தனக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, உபரியைப் பாலில் விடவைப்பது எப்படி?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் வழியை முதலில் தெரிவு செய்துவிட்டு அதற்கேற்ற விற்றமினைத் தேடுகிறார்கள். இது தலைகீழ். எந்த விற்றமின் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் உற்பத்தியைக் கலம் எந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். வழி அநேகமாகத் தானே தெரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விடயங்களைப் பார்க்கிறேன்: கலத்தின் கட்டுப்பாடு எப்படிப்பட்டது, சட்டம் என்ன சொல்கிறது, நம் உற்பத்தி முறையில் அந்தப் பற்றீரியா நிலைக்குமா, விற்றமினை இங்கே அளக்க முடியுமா, சாப்பிடுகிறவருக்கு அது உண்மையில் தேவையா. முதலாவதுதான் மற்றவற்றைத் தீர்மானிக்கிறது. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரைபோபிளேவின், அதாவது பி2. கலத்தில் வழக்கமாகவே இருக்கும் ஜி.டி.பி. என்ற மூலக்கூறு ஒன்றும் இரண்டு ரிபியுலோஸ்-5-பொஸ்பேற்று மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு ரைபோபிளேவின் ஆகின்றன. லக்டோகொக்கஸ் லக்டிஸ் என்ற லக்டிக் அமிலப் பற்றீரியாவில் இதற்கான நான்கு மரபணுக்கள் (ரிப்ஜி, ரிப்பி, ரிப்ஏ, ரிப்எச்) ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வரிசைக்கு முன்னால், மரபணுவின் செய்தியை எடுத்துச் செல்லும் நகலான தூது ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்தில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத ஒரு துண்டு உண்டு. ரைபோபிளேவினிலிருந்து உண்டாகும் எப்.எம்.என். கலத்தில் போதிய அளவு சேர்ந்ததும் நேரே அந்தத் துண்டில் வந்து ஒட்டும். உடனே ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடியும், பின்னால் உள்ள நான்கு மரபணுக்களும் அடங்கிவிடும். இடையில் எந்தப் புரதமும் தேவையில்லை. இப்படி ஆர்.என்.ஏ.யே ஆளியாக வேலை செய்வதை 2002 இல்தான் நிறுவினார்கள். ரைபோசுவிட்ச் என்று அழைக்கிறோம். உன்னிச்சைக் குளத்துத் துருசைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாய்க்கால் எத்தனை இருந்தாலும் தண்ணீர் திறக்கும் இடம் ஒன்று. அந்த ஒன்று பழுதானால் நான்கிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

போலேற்று, அதாவது பி9. இதுவும் ஜி.டி.பி.யில்தான் தொடங்குகிறது. ஆனால் மூன்று பகுதிகள் சேர வேண்டும்: ஜி.டி.பி.யிலிருந்து வரும் தெரின் பகுதி, பாரா-அமினோபென்சோயிக் அமிலம், கடைசியில் குளூட்டமேற்று வால். எந்த ஒன்று குறைந்தாலும் உற்பத்தி நின்றுவிடும். வால் நீளமானால் போலேற்று கலத்துக்குள்ளேயே தங்கிவிடும், குறுகினால் வெளியே கசியும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003 இல் ஃபோல்கேஈ என்ற மரபணுவை மட்டும் மிகையாக இயக்கிப் பார்த்தார்கள். கலத்துக்கு வெளியே இருந்த போலேற்று கிட்டத்தட்ட 10 மடங்கானது, மொத்தம் கிட்டத்தட்ட 3 மடங்குதான். கூடியதில் பெரும்பகுதி வெளியே வந்திருக்கிறது. பின்னர் செய்த வேலைகளில் இன்னொன்றும் தெரிந்தது. பாரா-அமினோபென்சோயிக் அமிலத்தைப் பற்றீரியா வளரும் ஊடகத்தில் சேர்க்காமல் உயர்ந்த அளவை எட்ட வேண்டுமானால், அதைச் செய்யும் மரபணுக்களையும் கூடவே மிகையாக இயக்க வேண்டும். ஓர் இடத்தைத் திறந்தால் அடுத்த இடம் இறுக்குகிறது.

கோபலமின், அதாவது பி12. இதற்கு ஏறத்தாழ 30 மரபணுக்கள் வேண்டும். லக்டிக் அமிலப் பற்றீரியாவில் மிகச் சிலவற்றுக்கே அவை உண்டு. பெயர் பெற்றது லக்டோபசிலஸ் ரியூட்டரி. ஆனால் அது செய்வது பெரும்பாலும் போலி பி12. மூலக்கூறின் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டிய பகுதிக்குப் பதிலாக அடெனின் உட்கார்ந்திருக்கும், மனித உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. உண்மையான பி12 வேண்டுமானால் புரோப்பியோனிபற்றீரியம் பிரூடன்ரைக்கி என்ற, பாற்கட்டியில் பயன்படும் வேறொரு வகைக்குப் போக வேண்டும். "பி12 தயிர்" என்று தலைப்பு எடுத்தவர்கள் இந்த இடத்தில் ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

மற்ற நான்கு அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

சட்டம்: மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதி, விற்பனை, லேபலிடல் பற்றி இலங்கையில் 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உண்டு. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பிரதான உணவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட உணவை விற்க முடியாது.

அளவீடு: ரைபோபிளேவின் புற ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். தெளிந்த ஊடகத்தில் வளர்த்தால், காசு பரிசோதிக்கும் சிறிய யூ.வி. விளக்கில்கூட எது கூட, எது குறைவு என்று முதல் கட்டமாகப் பார்க்கலாம். சரியான எண்ணுக்கு ஒளிர்வுமானி போதும். போலேற்றுக்கு அந்த வசதி இல்லை. பல வடிவங்களில் இருக்கும், வாலை நொதியத்தால் வெட்ட வேண்டும், பிறகு போலேற்று இல்லாமல் வளராத இன்னொரு பற்றீரியாவை வளர்த்து அளக்க வேண்டும். இது பல நாள் வேலை, பிசகவும் எளிது.

தேவை: இங்கேதான் ஒரு சங்கடம். பாலில் ரைபோபிளேவின் ஏற்கெனவே தாராளமாக உண்டு, 100 கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1.1 முதல் 1.3 மில்லிகிராம் போதும். போலேற்றோ பாலில் மிகக் குறைவு, தேவை 400 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 600. அதாவது செய்வதற்கு எளிதான விற்றமின் தயிருக்கு அவ்வளவு தேவைப்படாதது. தேவைப்படுவது செய்யக் கடினமானது. கட்டுரை முழுவதும் இந்த இழுபறி இருக்கும்.

## வழி 1: இயற்கையாகவே கூடுதலாகச் செய்யும் விகாரத்தைத் தேடிப் பிடிப்பது

கிரான், வாகரை, செங்கலடி, படுவான்கரைப் பட்டிகள், அந்தப் பக்கம் திருக்கோவில், பொத்துவில் என்று சட்டித் தயிர் கிடைக்காத இடம் நம் பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றுகிறார்கள். இப்படித் தலைமுறையாகத் தொடர்ந்து வந்த கலவைகளில் நல்ல விகாரங்கள் (ஒரே இனப் பற்றீரியாவுக்குள் வேறுபடும் வகைகள்) இருக்க வாய்ப்பு உண்டு. மரபணுவில் கை வைக்காததால் சட்டச் சிக்கல் மிகக் குறைவு.

போலேற்றுக்கு இதுதான் நான் பரிந்துரைக்கும் முதல் வழி. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் விகாரங்கள் பல போலேற்றைச் செய்து வெளியே விடுகின்றன. யோகட்டில் அதன் கூட்டாளியான லக்டோபசிலஸ் பல்கேரிகஸ் பொதுவாக அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நல்ல உற்பத்தியாளரைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. குறைவாகத் தின்னும் கூட்டாளியைக் கண்டுபிடிப்பது மறுபாதி. பலர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, தனி விகாரத்தின் அளவை அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். தயிரில் போய் அளந்தால் அந்த எண் இருக்காது. லக்டோபசிலஸ் பிளாண்டாரம் வகையும் போலேற்றுச் செய்யும் என்று படித்திருப்பீர்கள். பாரா-அமினோபென்சோயிக் அமிலத்தை அதற்குத் தானாகச் செய்ய முடியாது, வெளியிலிருந்து கிடைத்தால்தான் போலேற்று வரும். இந்த ஒரு வரி தெரியாமல் பல மாதம் வீணாகலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று பாதுகாப்பு. "நம்ம ஊர்த் தயிரில் இருந்து எடுத்தது, எப்படிக் கெடுதல் செய்யும்?" என்று நினைக்கிறார்கள். சரியாகக் காய்ச்சாத பாலில் என்டரோகொக்கஸ் வகைகள் சாதாரணமாக இருக்கும். அவற்றில் சில நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்து திரியும். இனம் காண்பதும் எதிர்ப்புச் சோதனையும் செய்யாத விகாரத்தை விற்பனைத் தயிரில் போடக் கூடாது. மற்றது எதிர்பார்ப்பு. இயற்கை விகாரம் தன் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. நல்ல விகாரம் கிடைத்தால் பாலில் இருந்ததைவிடத் தெளிவாகக் கூடும், அவ்வளவுதான்.

தேடும்போது ஒரு சிறு எச்சரிக்கை: 2020 இல் லக்டோபசிலஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பிளாண்டாரம் இப்போது லக்டிபிளாண்டிபசிலஸ், ரியூட்டரி இப்போது லிமோசிலக்டோபசிலஸ். பழைய பெயரில் மட்டும் தேடினால் புதிய ஆய்வுகள் தவறிப்போகும்.

## வழி 2: ரோசியோபிளேவினால் தன்விகாரத்தைத் தெரிவு செய்வது

எனக்குப் பிடித்த வழி இது. தன்விகாரம் என்பது மரபணுவில் தானாக நேர்ந்த ஒரு பிறழ்வால் மாறிய விகாரம். ரைபோபிளேவினுக்கு மட்டும்.

ரோசியோபிளேவின் என்பது ரைபோபிளேவினைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு சேர்மம். பிலிப்பைன்ஸின் டாவோ பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் ஒன்று அதைச் செய்கிறது. கலத்துக்குள் போனதும் அது எப்.எம்.என். வேடம் போட்டு ரைபோசுவிட்சில் ஒட்டிக்கொள்ளும். விற்றமின் நிறைய இருக்கிறது என்று கலம் ஏமாந்து உற்பத்தியை நிறுத்தும். ஊடகத்திலும் ரைபோபிளேவின் இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். கோடிக்கணக்கான கலங்களில் தற்செயலாக அந்த ஆளி பழுதான ஒன்றிரண்டு மட்டும் ஏமாறாமல் வளரும். அவை ரோசியோபிளேவினை எடுத்த பிறகும் ரைபோபிளேவினைச் செய்துகொண்டே இருக்கும். எந்த மரபணுவையும் நாம் உள்ளே வைக்கவில்லை, இயற்கையாகப் பிறழ்ந்த கலத்தைப் பொறுக்கி எடுத்தோம்.

லக்டோகொக்கஸ் லக்டிஸில் இப்படிக் கிடைத்தவற்றை 2004 இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரிப் வரிசைக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே டி.என்.ஏ.யின் ஒற்றை எழுத்து மாற்றங்களும், துண்டாக விடுபட்ட இடங்களும் இருந்தன. கொள்கை சொன்ன இடத்திலேயே பழுது இருந்திருக்கிறது. பின்னர் பிளாண்டாரம் வகையிலும் இப்படிப்பட்ட விகாரங்களை எடுத்துப் பாணிலும் பாஸ்தாவிலும் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

செய்யும்போது தவறிப்போகும் இடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளில் இவை ஒரு வரியில் கடந்துவிடும்.

முதலில், உங்கள் விகாரத்தில் ரிப் மரபணுக்கள் நான்கும் முழுதாக இருக்கின்றனவா என்று பி.சி.ஆர். (குறித்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) போட்டுப் பாருங்கள். லக்டிக் அமிலப் பற்றீரியாவில் பலவற்றுக்கு அவை இல்லை. ஒரே இனத்துக்குள்ளேயே சிலவற்றில் முழுதாகவும் சிலவற்றில் அரைகுறையாகவும் இருக்கும். மரபணு இல்லாத விகாரத்தில் ஆளியைப் பழுதாக்கிப் பயனில்லை.

அடுத்து ஊடகம். ரைபோபிளேவின் துளியும் இல்லாத, வரையறுத்த ஊடகம்தான் வேண்டும். சாதாரண எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் ஈஸ்ட் சாறு இருக்கிறது, அதில் ரைபோபிளேவினும் இருக்கிறது. அதில் ரோசியோபிளேவினைப் போட்டால் எல்லாம் வளரும், ஒன்றும் தெரியாது.

பிறகு, ரோசியோபிளேவினுக்கு எதிர்ப்புக் காட்டும் ஒவ்வொரு கலக் கூட்டமும் மிகை உற்பத்தியாளர் அல்ல. ரோசியோபிளேவினை உள்ளே எடுத்துச் செல்லும் ரிப்யூ என்ற கடத்தியைப் பழுதாக்கியும் ஒரு கலம் தப்பலாம். அது விற்றமின் எதையும் கூடுதலாகச் செய்யாது. யூ.வி. விளக்கும், டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தறியும் வரிசைப்படுத்தலும் இங்கேதான் உதவும். கட்டுப்பாட்டுப் பகுதி சில நூறு எழுத்துகள்தான், வெளியே அனுப்பி வரிசைப்படுத்திக்கொள்ளலாம். கைக்கு வந்தவற்றில் ஒற்றை எழுத்து மாறியதும் துண்டாக விடுபட்டதும் இருந்தால், விடுபட்டதையே எடுங்கள். ஒற்றை எழுத்து பழைய நிலைக்குத் திரும்பலாம், இல்லாமல் போன துண்டு திரும்பி வராது.

இனி மறைந்திருக்கும் செலவு. ரோசியோபிளேவின் விலை கூடியது, மில்லிகிராம் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது ஒருமுறைச் செலவு. பெரிய செலவு உறைமோரில் இருக்கிறது. மிகையாக விற்றமின் செய்யும் கலத்துக்கு அதனால் ஆதாயம் எதுவும் இல்லை, சுமைதான். நம் பக்கத்து வழக்கப்படி நேற்றைய தயிரை இன்றைய உறையாக ஊற்றிக்கொண்டே போனால், சூழலிலிருந்து வரும் மற்ற பற்றீரியாக்கள் அதை மெல்ல மெல்ல முந்திவிடும். தயிர் உறையும், ருசியும் மாறாது, விற்றமின் மட்டும் காணாமல் போயிருக்கும். பார்த்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாத இழப்பு இது. ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய உறை கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்: கிளிசரினில் உறைய வைத்த இருப்பு, அதை வைக்க ஆழ்குளிர்ப்பெட்டி, மின்சாரம் போனால் மாற்று வழி.

இரண்டு சின்ன விடயங்களும் உண்டு, கடைக்காரருக்கு அவை சின்னவை அல்ல. ரைபோபிளேவின் மஞ்சள் நிறம். எருமைப் பாலில் கரோட்டின் கிட்டத்தட்ட இல்லாததால் நம் தயிர் பளிச்சென்று வெள்ளை. அளவு கூடிச் சிறிது மஞ்சளடித்தால், "பசும்பால் கலந்திருக்கு" என்று வாங்குபவர் சட்டியைத் திருப்பி வைத்துவிடுவார். மற்றது வெளிச்சம். ரைபோபிளேவின் சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. மண்சட்டி நல்ல காப்பு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில் போட்டுக் கடை முகப்பில் அடுக்கினால் கஷ்டப்பட்டதெல்லாம் வெயிலுக்குப் போகும்.

அதனால் என் ஆலோசனை: இந்த வழியை எடுக்கிறவர்கள் தயிரோடு நிற்க வேண்டாம். தோசை மாவுக்குப் போங்கள். தீட்டிய வெள்ளை அரிசியில் ரைபோபிளேவின் மிகக் குறைவு, அங்கே கூடும் ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் மதிப்பு உண்டு. தோசை மாவைப் புளிக்க வைப்பதில் லக்டிக் அமிலப் பற்றீரியாவுக்கு, குறிப்பாக லியூகோனொஸ்டொக் வகைக்கு, பெரிய பங்கு உண்டு. பிளாண்டாரமும் அந்தச் சூழலில் நன்றாக வளரும். தோசைக்கல்லின் சூட்டில் பி2 பெரிதாக அழியாது. மஞ்சள் நிறம் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை, வெந்தயம் போட்ட மா எப்படியும் கொஞ்சம் மஞ்சள்தான்.

## வழி 3: மரபணுவை மாற்றி அமைப்பது

ஆய்வாக இதுதான் மிக அழகானது. நிசின் முறை என்று பரவலாக அறியப்படுவது 1990களில் நெதர்லாந்தில் உருவானது. நிசின் என்பது லக்டோகொக்கஸ் லக்டிஸ் தானே செய்யும் ஒரு சிறு புரதம். ஈ 234 என்ற எண்ணில் உணவுப் பாதுகாப்பியாகவும் பயன்படுகிறது. வெளியே நிசின் இருப்பதை நிஸ்கே என்ற புரதம் உணரும், நிஸ்ஆர் என்ற புரதத்துக்குச் செய்தி போகும், அது மரபணுவைத் தொடக்கிவைக்கும் நிஸ்ஏ ஊக்குவி என்ற டி.என்.ஏ. பகுதியை இயக்கும். அந்த ஊக்குவிக்குப் பின்னால் நாம் விரும்பிய மரபணுவை வைத்தால், மில்லிலீற்றருக்குச் சில நனோகிராம் நிசின் போட்டதும் அது வேலை செய்யத் தொடங்கும். எவ்வளவு போடுகிறோமோ அதற்கேற்ப உற்பத்தியும் கூடும்.

இந்த முறையில் ரிப் மரபணுக்கள் நான்கையும் சேர்த்து இயக்கியபோது ரைபோபிளேவின் லீற்றருக்கு 24 மில்லிகிராம் அளவுக்கு வந்தது. போலேற்றுக்கு ஃபோல்கேஈ பற்றி மேலே சொன்னேன். 2004 இல் ஒரே விகாரத்தில் இரண்டையும் சேர்த்தே கூட்டிக் காட்டினார்கள். 2005 இல் வந்த ஓர் ஆய்வில், ரைபோபிளேவின் குறைபாடுள்ள எலிகளுக்கு மரபணு மாற்றிய விகாரத்தால் புளிக்க வைத்த பாலைக் கொடுத்தபோது அவற்றின் நிலை தேறியது. ஆகவே வேலை செய்யுமா என்ற சந்தேகம் வேண்டாம்.

உணவுத் தரம் என்ற சொல்லை இங்கே கவனமாகப் பாருங்கள். ஆய்வுகூடங்களில் சாதாரணமாகக் கைமாறும் பிளாஸ்மிட்களில் (மரபணுவைக் கலத்துக்குள் கொண்டுபோகும் சிறு டி.என்.ஏ. வளையங்களில்) குளோரம்பெனிக்கோல் எதிர்ப்பு மரபணு இருக்கும். அது உணவுக்கு ஆகாது. அதற்குப் பதில் லக்டோஸ் என்ற பாற்சர்க்கரையை வைத்துத் தெரிவு செய்யும் முறை உண்டு. என்.இசட். 3900 என்ற விகாரத்தில் லக்டோசைப் பயன்படுத்தத் தேவையான லக்எஃப் மரபணு நீக்கப்பட்டிருக்கும், பிளாஸ்மிட்டில் அது இருக்கும். பாலில் வளர வேண்டுமானால் பிளாஸ்மிட்டை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் இப்படிச் செய்தாலும் அது மரபணு மாற்றிய உயிரிதான். மேலே சொன்ன ஒழுங்குவிதிகளின் கீழ் அனுமதி இல்லாமல் ஒரு சட்டிகூட விற்க முடியாது. கிராமத்துச் சிறு உற்பத்தியாளர் அந்த அனுமதிக்கு வேண்டிய பாதுகாப்புக் கோவையைத் தயாரிப்பது நடக்கிற காரியமல்ல.

நடைமுறைத் தடையும் உண்டு. கலங்கள் குறிப்பிட்ட அடர்த்தியை எட்டும் நேரம் பார்த்து நிசினைப் போட வேண்டும். நொதிப்புக் கலனில் அது சுலபம், நூற்றுக்கணக்கான மண்சட்டியில் எப்படிச் செய்வது? தவிர, நிசின் தேர்மோபிலஸ் போன்ற மற்ற உறைப் பற்றீரியாக்களுக்கு எதிரி. அளவு கொஞ்சம் தவறினால் தயிரே உறையாது.

அப்படியானால் யாருக்கு இது? எந்தப் படி இறுக்குகிறது என்று அறிய விரும்பும் முதுகலை மாணவருக்கு. கேள்வி "ஏன்" என்றால் இந்த வழிக்கு ஈடில்லை. கேள்வி "கடையில் எப்போது" என்றால் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

## வழி 4: விற்றமினை நேரே கலப்பது

ஆய்வாளர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். நான் சொல்லிவிடுகிறேன்: ஒரு தயிர் வியாபாரிக்கு உறுதியான அளவு விற்றமின் மட்டும்தான் வேண்டுமென்றால், மிக மலிவான, மிக எளிதான வழி இதுதான். தொழிற்சாலை ரைபோபிளேவினே இன்று பசிலஸ் சப்டிலிஸ், ஆஷ்பியா கொசிப்பி போன்ற நுண்ணுயிர்களால்தான் வருகிறது. உணவுத் தரத் தூளை அளந்து போட்டால் ஒவ்வொரு சட்டியிலும் ஒரே அளவு இருக்கும். விகாரம் நிலைக்குமா என்ற கவலை இல்லை.

குறைகள்: லேபலில் சேர்க்கை என்று எழுத வேண்டும், "பாலும் உறையும் மட்டும்" என்று விற்பவருக்கு அது இழப்பு. மிகச் சிறிய அளவைப் பெரிய பாத்திரத்தில் சீராகக் கலப்பது நினைப்பதைவிடக் கடினம், கையால் செய்தால் ஒரு சட்டியில் கூடும், ஒன்றில் குறையும். மஞ்சள் நிறமும் வெளிச்சப் பிரச்சினையும் இங்கேயும் அப்படியேதான்.

## ஒரே பார்வையில்

| | இயற்கை விகாரம் | தன்விகாரம் | மரபணு மாற்றம் | நேரடிச் சேர்ப்பு |
|---|---|---|---|---|
| பொருந்தும் விற்றமின் | போலேற்று | ரைபோபிளேவின் | இரண்டும் | இரண்டும் |
| எவ்வளவு கூடும் | மிதமாக | நன்றாக | மிக அதிகமாக | போடும் அளவு |
| விற்பனை அனுமதி | எளிது | எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும் | மிகக் கடினம் | லேபல் விதி மட்டும் |
| முக்கியமான மறை செலவு | பாதுகாப்புச் சோதனை, போலேற்று அளவீடு | ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய உறை | அனுமதிக் கோவை, நிசின் நேரம் | சீராகக் கலத்தல் |
| மின்வெட்டின் பாதிப்பு | உண்டு | அதிகம் | அதிகம் | இல்லை |

தன்விகாரத்துக்கு "எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து மரபணு சேர்க்காததால் ஐரோப்பிய விதிகள் இப்படிப்பட்டவற்றுக்கு மரபணு மாற்றிய உயிரிக்குரிய கெடுபிடிகளை விதிப்பதில்லை. அதையே இங்கேயும் அப்படியே எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசி, உணவு அதிகாரிக்குக் கடிதம் எழுதிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

நாளுக்கு ஐம்பது, நூறு சட்டி போடும் குடும்பத் தொழில் என்றால், மரபணு பற்றிய எதுவும் இப்போதைக்கு வேண்டாம். சுத்தமான, இனம் தெரிந்த உறைக்கு மாறுங்கள். பாலை முழுதாகக் காய்ச்சுங்கள். நம் பக்கத்துச் சாதாரண வெப்பநிலையே லக்டோகொக்கஸ் லக்டிஸுக்கு ஏறத்தாழ உகந்தது, அதற்கு 30 பாகை போதும், சூடாக்கி வைக்கும் பெட்டியும் தேவையில்லை. விற்றமின் பற்றி லேபலில் எழுத ஆசைப்பட்டால் நான்காவது வழியைப் பாருங்கள். போலேற்றுக் கூட்டிய தயிர் வந்தாலும், எம்.ஓ.எச். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் அமில மாத்திரைக்கு அது மாற்று என்று யாரிடமும் சொல்லி விற்காதீர்கள். மாத்திரையில் அளவு உறுதி, தயிரில் அப்படி இல்லை.

பால் சேகரிப்பு நிலையமும் குளிரூட்டியும் உள்ள கூட்டுறவுச் சங்கமோ நடுத்தர நிறுவனமோ என்றால், பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதலாவது வழியில் போலேற்றுக்குப் போகலாம். உறையைப் பல்கலைக்கழகம் பராமரித்துத் தரும், நீங்கள் தொகுதிக்குத் தொகுதி புதிதாக வாங்குவீர்கள் என்ற ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். எழுத்தில் இல்லாத ஏற்பாடு மாணவர் படிப்பை முடித்துப் போனதும் நின்றுவிடும்.

இறுதியாண்டு மாணவருக்கு இரண்டாவது வழியும் தோசை மாவும். ஓராண்டுக்குள் முடிக்கலாம், அளக்கலாம், விளங்கப்படுத்தவும் முடியும். கட்டுப்பாட்டுப் பகுதியின் வரிசையை வைத்து "இந்த எழுத்து போனதால் இவ்வளவு கூடியது" என்று காரணத்தோடு எழுத முடிகிற தலைப்புகள் இளமானி மட்டத்தில் குறைவு. சேர்மம் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். தயிர், மா, பழஞ்சோறு ஆகியவற்றில் விகாரங்களைப் பிரித்தெடுத்து, ரிப் மரபணுக்கள் நான்கும் உள்ளவற்றைப் பி.சி.ஆர். மூலம் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

முதுகலைக்கு மூன்றாவது வழியை எடுக்கிறவர்கள் இரண்டு விற்றமின்களையும் ஒரே விகாரத்தில் கூட்ட நினைத்தால், ஜி.டி.பி.யை மறக்க வேண்டாம். இரண்டுக்கும் தொடக்கம் அதுதான். ஒன்றைத் தனியே கூட்டியபோது வந்த அளவும், இரண்டையும் சேர்த்துக் கூட்டும்போது வரும் அளவும் ஒன்றாக இருக்குமா என்பது நல்ல கேள்வி. கூடவே வளர்ச்சி வேகத்தையும் அளந்து வையுங்கள், கலம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

எந்த வழியை எடுத்தாலும், வேதிப்பொருளுக்குக் கட்டளை கொடுக்குமுன் துறையின் ஆழ்குளிர்ப்பெட்டி மின்பிறப்பாக்கியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, விடுமுறை நாளில் அதைப் போடுவதற்கு ஆள் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.